விட்டுக்கொடுத்த கோல்கள்

செத்துப்போன மனுஷர் சனிக்கிழமை தோறும் ஆன்லைனில் வந்து ஃபுட்பால் ஆடுகிறார் என்றால் யாராவது நம்புவார்களா? டாக்டரம்மாவும் நம்பவில்லை. போன வாரம் கணவரின் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. டிவிக்கு முன்னால், கணவருடைய நாற்காலியில், கன்ட்ரோலரும் கையுமாக உட்கார்ந்திருந்தது கொழுந்தனார்.

கதையைப் பாதியில் பிடித்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வந்துவிடலாம். டாக்டரம்மா பல் டாக்டர். அவர் கணவர் ஒரு நாளிதழின் விளையாட்டு நிருபர். மைதானத்தில் ஆட்டம் முடிந்து, விளக்கை அணைத்து, புல்லுக்குத் தண்ணீர் விடுகிற ஆளும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் செய்தியை அனுப்புவார். அதனால் ஆபீஸில் அவருக்கு ‘எக்ஸ்ட்ரா டைம்’ என்று பேர். நாளடைவில் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

பகலெல்லாம் நிஜ ஃபுட்பாலைப் பார்த்து எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து வீடியோ கேமிலும் ஃபுட்பாலே ஆடுவார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து சமையல் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி இருக்கிறது என்று டாக்டரம்மா கிண்டல் செய்வார். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே? பட்டியலில் எந்த அணி கடைசியோ, அதைத்தான் எடுப்பார். வர்ணனையும் அவரே சொல்லிக்கொள்வார். கேமில் வரும் நடுவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, “பாவம், அவனும் மெஷின்தானே” என்று சமாதானமும் ஆகிவிடுவார்.

பல பத்திரிகைகளின் விளையாட்டு நிருபர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு லீக் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை தோறும் அவரவர் வீட்டிலிருந்தே ஆட்டம். வராதவர் தோற்றவர். இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து எக்ஸ்ட்ரா டைம் போய்ச் சேர்ந்ததும், தம்பிக்காரர் யாரிடமும் மூச்சு விடாமல் அண்ணன் பேரில் ஆட ஆரம்பித்துவிட்டார். அண்ணன் பேரில் தோல்வி விழுவதைப் பார்க்க முடியவில்லை என்று போன வாரம் அவர் சொன்னபோது டாக்டரம்மாவால் மறுத்துப் பேச முடியவில்லை. சீசன் முடிகிற வரைக்கும் ஆடிக்கொள் என்று விட்டுவிட்டார்.

இதில் அதிசயம் என்னவென்றால், சின்னவர் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. இருபது வருஷமாக அதே அறையில், அதே அண்ணனிடம், வாரம் தவறாமல் மண்ணைக் கவ்விய மனுஷர் அவர்.

இன்று சனிக்கிழமை. சீசனின் கடைசி ஆட்டம். சாயங்காலம் நாளிதழ் அலுவலகத்தின் கூட்ட அறையில் எக்ஸ்ட்ரா டைமுக்கு நினைவுக் கூட்டம். அது முடிந்ததும் அங்கேயே பெரிய திரையில் ஆட்டம். அண்ணன் இடத்தில் வந்து ஆடுங்கள் என்று லீகிலிருந்து தம்பிக்காரருக்கே அழைப்பு வந்திருந்தது. ஜெயிப்பவருக்குக் கோப்பை.

காலையில் கிளினிக்கைத் திறந்ததும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் அந்த நாளிதழின் உதவி ஆசிரியர். எக்ஸ்ட்ரா டைமுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். லீகின் செயலாளரும் அவர்தான். ஊரில் உள்ள எல்லோரையும் போல அவரும் வலி பொறுக்க முடியாத அன்றைக்குத்தான் பல் டாக்டரை நினைத்துக்கொண்டார். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

நாற்காலியைச் சாய்க்க அந்தப் பை இடைஞ்சலாக இருந்தது. கொடுங்கள் என்றால் கொடுக்க மாட்டேன் என்கிறார். ஊசி போட்டு ஒரு பக்கம் மரத்துப்போன பிறகு நர்ஸ் நைசாக அதை உருவி மேஜைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் பை சரிந்தது. உள்ளேயிருந்து ஒரு கோப்பை உருண்டு வந்து, பஞ்சு டப்பாவில் முட்டிக்கொண்டு நின்றது.

புதுக் கோப்பை. கீழ்த் தெருக் கடையில் முந்தின நாள் ராத்திரிதான் வாங்கியது. அடியில் இருந்த தகட்டில் பளபளவென்று பொறித்திருந்தது: சாம்பியன், எக்ஸ்ட்ரா டைம்.

டாக்டரம்மா அதைப் படித்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டம் சாயங்காலம். ஊர் இன்னும் காலைச் சாப்பாட்டையே முடிக்கவில்லை.

பத்திரிகைக்காரர்களின் புத்தி அப்படி. ஆட்டம் முடிகிற நேரமும் பக்கம் அச்சுக்குப் போகிற நேரமும் முட்டிக்கொள்ளும் என்பதால், விசில் ஊதுவதற்கு முன்பே முழுச் செய்தியையும் எழுதித் தலைப்பும் போட்டு வைத்துவிடுவார்கள். கோல் கணக்கை மட்டும் கடைசியில் நிரப்புவார்கள். வேறு யாராக இருந்தாலும் கோப்பையில் பேர் போடும் இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். இவர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை.

“இன்னிக்கு சாயங்காலம்தானே ஆட்டம்?” என்று கேட்டார் டாக்டரம்மா.

உதவி ஆசிரியர் மெல்லத் தலையாட்டினார்.

“அப்புறம் யார் ஜெயிப்பாங்கன்னு உங்களுக்கு இப்பவே எப்படித் தெரியும்?”

அவர் தன் வாயைத் தொட்டுக் காட்டி, மரத்துப் போய்விட்டது, பேச வராது என்று சைகை செய்தார்.

“பரவால்ல. மரத்தது ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கத்தால சொல்லுங்க.”

வேறு வழியில்லாமல் மனுஷர் பாதி வாயால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இறுதிச் சடங்கு முடிந்த வாரமே, சனிக்கிழமை, எக்ஸ்ட்ரா டைமின் பேர் திரையில், ஆட்டத்துக்குத் தயார் என்று காட்டும் பச்சை விளக்கோடு வந்து நின்றிருக்கிறது. அன்றைக்கு எதிரே ஆட வேண்டியவர் சடங்குக்கு வந்துவிட்டுப் போனவர். கோல் வாசல் வரை பந்தைக் கொண்டுபோய், அடிக்க மனசு வராமல் திரும்பி வந்திருக்கிறார். ஆடுவது தம்பிக்காரர் என்று ஆட்டத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டதாம், அவ்வளவு மோசம். ஆனாலும் வேண்டுமென்றே தோற்றார். விஷயம் மற்றவர்களுக்குப் போனது. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. தன் வாரம் வந்தபோது ஒவ்வொருவரும் அதையே செய்தார்கள். ஒருவர் தன் கோலுக்குள்ளேயே அடித்துக்கொண்டாராம். இன்றைக்கு எதிரே ஆடப்போகிற வாத்தியார்கூட விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டார்.

வாத்தியார் என்பது போட்டிப் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதால் வந்த பட்டம். வருஷா வருஷம் கோப்பை அவர் வீட்டுக்குத்தான் போகும். வருஷா வருஷம் எக்ஸ்ட்ரா டைம் இரண்டாவது இடம்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கை இன்னும் நிதானமாகும். பல்லைச் சுத்தம் செய்து, அடைத்து, தேய்த்து, சாயங்காலம் வரை அந்தப் பக்கம் மெல்லக்கூடாது என்றும் சொல்லி முடித்தார். அப்புறம்தான் பேசினார்.

“என் வீட்டுக்காரர் உங்ககூட எத்தனை வருஷம் ஆடியிருக்காரு? ஒரு தடவையாவது யாருக்காவது விட்டுக்குடுத்திருக்காரா? பாவம் பார்த்துக் குடுக்குற கோப்பை அந்த வீட்டுக்கு வேணாம். எல்லாருக்கும் சொல்லிடுங்க. இன்னிக்கு ஒழுங்கா ஆடணும்.”

பேர் பொறித்தாகிவிட்டதே என்று அவர் முனகினார். அழித்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா.

“உங்க கொழுந்தனாருக்கு யார் சொல்றது?” என்று கேட்டார் உதவி ஆசிரியர். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால், அறைக்குள்ளிருந்து சீட்டிச் சத்தம். சின்னவர் லிஃப்ட் மெக்கானிக். இன்றைக்கு லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டையை நாற்காலி முதுகில் மாட்டி வைத்துக்கொண்டு பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் போன புதிதில் சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆள். முதல் ஆட்டம் ஜெயித்த அன்றைக்குத்தான் எழுந்து முகம் கழுவினார். அண்ணனுடைய கை ராசி தனக்கு வந்துவிட்டது என்று இப்போதெல்லாம் பால்காரரிடம்கூடச் சொல்லிக்கொள்கிறார்.

மகள் விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போடும் கவுண்டரில் வேலை பார்ப்பவள். காலை ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். அடுக்களையில் வைத்து அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கும் கோபம் வந்தது. ஆனால் கோபம் அம்மாமேல்.

“விட்டுடும்மா. அப்பா எத்தனை வருஷம் ரெண்டாவதா வந்தாரு? ஒரே ஒரு தடவை அவர் பேரு அதுல இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்? சித்தப்பாகிட்ட சொன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு.”

டாக்டரம்மா அடுப்பை அணைத்தார். பிறகு, “நீ அப்பாவை முதல்ல ஜெயிச்சது எப்ப?” என்று கேட்டார்.

மகளுக்கு அது மறக்குமா? பதினாலு வயசில். அதுவரைக்கும் தோற்றுத் தோற்று, கன்ட்ரோலரைத் தூக்கி அடித்து, அழுது ஆர்ப்பாட்டம் செய்திருக்கிறாள். பிள்ளையிடம் ஒரு தடவை தோற்றால் குடியா முழுகிவிடும் என்று டாக்டரம்மாவே அந்தக் காலத்தில் கணவரிடம் சண்டைக்குப் போயிருக்கிறார். விட்டுக்கொடுத்தால் அவளை நான் ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆட்டத்திலும் மகளுக்கு ஐந்து கோல் போட்டார் அவர். கடைசியில் அவள் ஜெயித்த அன்றைக்கு, பால்கனிக்கு ஓடிப்போய், என் பொண்ணு என்னைத் தோற்கடித்துவிட்டாள் என்று எதிர் வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்.

“அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல” என்றாள் மகள். குரல் இறங்கியிருந்தது. “சரி, சொல்லிடு. ஆனா நீயே சொல்லு. சித்தப்பா மூஞ்சியைப் பார்த்து என்னால சொல்ல முடியாது.”

டாக்டரம்மா அறைக்குள் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று நோயாளியிடம் சொல்கிற மாதிரியே, சுற்றி வளைக்காமல் சொன்னார். சின்னவர் முதலில் சிரித்தார். அண்ணி முகத்தில் சிரிப்பில்லை என்றதும் நிறுத்தினார்.

“எல்லா ஆட்டமுமா?”

“எல்லா ஆட்டமும்தான் தம்பி.”

“மூணாவது வாரம் ஒரு கார்னர்ல தலையால முட்டிப் போட்டேனே. அதுவுமா?”

“அது எனக்குத் தெரியல. கேட்கல.”

சின்னவர் கன்ட்ரோலரைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தார். ஒரு இடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், போய் வருகிறேன் என்றார். லீவு நாளில் ஏது லிஃப்ட்? கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சலவைச் சட்டை நாற்காலியிலேயே கிடந்தது. ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை.

எதையும் யோசித்துச் செய்து, செய்த பிறகு யோசிக்காத ரகம் டாக்டரம்மா. ஆனால் புடவை மாற்றிக்கொண்டு மகளோடு கிளம்பும்போது அவரே மறுபடி யோசித்தார். கோப்பை போனால் போகட்டும். கணவரைத்தான் பறிகொடுத்தாயிற்று. அவர் தம்பியையும் ஒரே வார்த்தையில் விரட்டிவிட்டோமோ என்றுதான் பயமாக இருந்தது.

கூட்ட அறை நிறைந்திருந்தது. முன்னால் படம், மாலை, மைக். பேசியவர்கள் எல்லோரும் எங்கேயோ எழுதி வைத்ததைப் படிப்பது போலப் பேசினார்கள். காலம் தவறாதவர் என்றார் ஒருவர். அந்த மனுஷர் ஒரு நாளாவது காலத்தோடு செய்தி கொடுத்திருந்தால் அவருக்கு ஏன் அந்தப் பட்டப்பேர்? டாக்டரம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர்கள் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை.

கூட்டம் முடிந்து திரையை இறக்கும்போது வாத்தியார் எழுந்து வந்தார். உதவி ஆசிரியர் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, முகம் வெளுத்திருந்தது. தன்னால் ஆட முடியாது என்றார். அந்தப் பேர் திரையில் வந்தால் விரல் ஓடாது என்றார்.

“சார், உங்ககிட்ட தோத்துட்டா அவர் உங்களைத் திட்டிக்கிட்டேதான் சாப்பிடுவாரு” என்றார் டாக்டரம்மா. “ஆனா நல்லா சாப்பிடுவாரு. நீங்க பாவம்னு ஒரு கோல் விட்டிருந்தா, அன்னிக்குத் தட்டைத் தொட்டிருக்க மாட்டாரு.”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

எதிர் நாற்காலி காலியாக இருந்தது. உதவி ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார். வராதவர் தோற்றவர். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பல் வலியும் திரும்ப வந்துவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டார். நானே போய் உட்காரட்டுமா என்று மகள் காதோடு கேட்டாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். இது சின்னவர் ஆடி வந்த சீசன். முடிக்க வேண்டியதும் அவர்தான்.

வெளியே லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வேலை உடுப்போடு, கையில் கருவிப் பெட்டியோடு சின்னவர் உள்ளே வந்தார். நேராக வாத்தியார் முன்னால் போய் நின்றார்.

“சார், ஒரு கோல் விட்டுக்குடுத்தீங்கன்னு தெரிஞ்சுது, இந்த ஆபீஸ் லிஃப்ட்டை மேல் மாடியிலயே நிறுத்திட்டுப் போயிடுவேன். அப்புறம் எல்லாரும் படியேறித்தான் செய்தி எழுதணும்.”

அன்றைக்கு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

ஆட்டம் ஆரம்பித்தது. திரையின் இடது மூலையில் எக்ஸ்ட்ரா டைம் என்ற பேர் வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. வாத்தியார் பந்தைக் கால் மாற்றிக் கால் மாற்றி நடுவிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார். முதல் கோல் விழுந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. இரண்டாவதும் விழுந்தது. பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

மூன்றாவதில், சின்னவர் தடுக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டுப் பந்தின் பின்னாலேயே எல்லோரையும் ஓடவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க விளையாட்டு நிருபர்களால் முடியுமா? “ஆளைப் பிடிய்யா, ஆளை” என்று ஒருவர் கத்திவிட்டார். அவ்வளவுதான், அறை முழுக்க ஆளாளுக்கு யோசனை. இப்படித்தான் எக்ஸ்ட்ரா டைமும் ஒரு முறை கோல்கீப்பரை முன்னே ஓட்டிக்கொண்டு போய்க் கெடுத்தார் என்று ஒருவர் ஆரம்பித்தார். நள்ளிரவில் ஃபோன் செய்து, நீ போட்டது ஆஃப்சைடு கோல் என்று தன்னை எழுப்பிச் சண்டை போட்டதை இன்னொருவர் சொன்னார். மைக் முன்னால் ஒருவராலும் கொண்டுவர முடியாத மனுஷர் இப்போது வந்துவிட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டாவது பாதியில் சின்னவர் ஒரு கோல் போட்டார். அழகான கோல் என்று சொல்ல முடியாது. கம்பத்தில் பட்டு, கோல்கீப்பர் முதுகில் பட்டு, தடுமாறி உள்ளே போனது. அறையே எழுந்து கத்தியது. சின்னவர் திரையைப் பார்க்கவில்லை. வாத்தியார் முகத்தைத்தான் பார்த்தார். வாத்தியார் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு, நிஜமான எரிச்சலோடு தன் கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் இன்னொன்றும் போட, நாலுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்தது. கணவர் பேருக்கு நேரே தோல்வி என்று திரையில் வந்தபோது டாக்டரம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் இனிமேல் இல்லை என்பது அந்த நிமிஷம்தான் முழுசாக உறைத்தது. இத்தனை பேர் நடுவில் அழுகிறோமே என்று அவருக்குக் கூச்சமாக இல்லை. மனசு கனமாகத்தான் இருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

பேரோடே இருக்கட்டும், கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று வாத்தியார் சொல்லிப் பார்த்தார். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அவர் கையிலேயே கொடுத்தார்.

“ஜெயிச்சது நீங்க. அவர் இந்த வருஷமும் ரெண்டாவது. அப்படியே எழுதிக்குங்க.”

கிளம்பும் நேரத்தில் சின்னவர் உதவி ஆசிரியரிடம் போய், அடுத்த சீசனுக்குத் தன் சொந்தப் பேரில் ஒரு இடம் கிடைக்குமா என்று கேட்டார். பத்திரிகைக்காரர் அல்லாத ஒருவரைச் சேர்ப்பதென்றால் லீகில் உள்ள அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டுமாம். அடுத்த சனிக்கிழமை ஓட்டெடுப்பு. சுற்றி நின்றவர்கள் அப்போதே கையைத் தூக்கிவிட்டார்கள். அண்ணன் இடம் தம்பிக்குத்தான், இதில் ஓட்டு என்ன என்றார்கள். இதுவும் விட்டுக்கொடுப்பதுதானே என்று சின்னவர் முகம் மறுபடியும் வாடியது.

வாத்தியார் மட்டும் கையைத் தூக்கவில்லை.

“என் ஓட்டு இப்போதைக்கு இல்ல” என்றார். “உங்களுக்குத் தடுத்து ஆடவே தெரியல. அதைக் கத்துக்கிட்டு வாங்க, பார்க்கலாம்.”

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. சின்னவர் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணியோடும் அவர் மகளோடும் லிஃப்ட்டுக்கு வந்தார். கதவு மூடிக் கீழே இறங்க ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அண்ணி, அவர் நிஜமாத்தானே சொன்னாரு?”

“எதை?”

“எனக்குத் தடுத்து ஆடத் தெரியலன்னு.”

“நிஜமாத்தான் தம்பி. பாவம் பார்க்குற ஆளா அவர்?”

மெல்லச் சின்னவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் அவர் ஜெயித்த எந்த ஆட்டத்துக்கும் அப்படிச் சிரித்ததில்லை. மகள் பக்கம் திரும்பி, உங்கப்பா எப்படித் தடுப்பார், ஒரு வாரத்தில் எனக்குச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார்.